ஈஆர்பி 9 பழகிய விரல்களுக்கு டேலி பிரைம்

டேலி என்ற கணக்கு மென்பொருளின் புது வெர்ஷனான டேலி பிரைம் 2020 நவம்பரில் வந்தது. ஆனாலும் எத்தனையோ கடைகளிலும் மில் ஆபீஸ்களிலும் இன்னும் அதற்கு முந்தைய டேலி ஈஆர்பி 9-தான் ஓடுகிறது. கணக்கு எழுதுபவர் திரையைப் பார்க்காமலே பில் போடுவார். புது வெர்ஷன் என்றாலே கை நின்றுவிடும். கணக்கு எழுதும் முறை அப்படியே இருக்கிறது. லெட்ஜர், குரூப், வவுச்சர், ட்ரையல் பேலன்ஸ் எல்லாம் பழையவையே. மெனு அடுக்கும் சில கீகளும்தான் மாறியிருக்கின்றன. அந்தக் கீகளில் சில வேலை செய்யாமல் நின்றுபோனவை. அவற்றால் ஆபத்து இல்லை, தட்டியதும் தெரிந்துவிடும். வேறு சில கீகள் சத்தமில்லாமல் இன்னொரு வவுச்சரைத் திறந்துவிடும். இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி அவற்றைப் பற்றியதுதான்.

மாற்றுவதற்கு முன்

முதலில் நாள் பாருங்கள். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவருக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) மறுமாதம் 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் சுருக்க ரிட்டர்ன்) 20-ஆம் தேதி. காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர் என்றால் ஜிஎஸ்டிஆர்-1 13-ஆம் தேதி. 3பி தமிழ்நாட்டுக்கு 22. இந்தத் தேதிகள் தாண்டிய பிறகு, கூட்டம் குறைந்த ஒரு நாளில் மாற்றுங்கள். ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆண்டின் நடுவில் மாறினாலும் டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்தது பேக்கப். ஈஆர்பி 9-ல் ஆல்ட்+எஃப்3 தட்டி, பேக்கப் கொடுத்து, பென் டிரைவில் எடுங்கள். அது மட்டும் போதாது. டேலியை எல்லாக் கம்ப்யூட்டரிலும் மூடிவிட்டு, கம்பெனி டேட்டா ஃபோல்டரையே ஒரு நகல் எடுங்கள். 10000, 10001 என்பதுபோல் ஐந்து இலக்க எண்ணில் இருக்கும் அந்த ஃபோல்டர், கம்பெனி தேர்வு செய்யும் திரையில் தெரியும் பாதையில்தான் கிடக்கும். டேலி திறந்திருக்கும்போது நகல் எடுத்தால் பாதி எழுதிய ஃபைல் நகலாகி, பின்னால் திறக்காமல் படுத்தும்.

பிறகு மூன்று ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்து வையுங்கள். ஒரு குறிப்பிட்ட தேதி வரை ட்ரையல் பேலன்ஸ், அதே தேதிக்கு ஸ்டாக் சம்மரி, அப்புறம் ஸ்டாடிஸ்டிக்ஸ். கடைசியாகச் சொன்னது டிஸ்ப்ளே மெனுவில் ஸ்டேட்மென்ட்ஸ் ஆஃப் அக்கவுன்ட்ஸுக்குள் இருக்கிறது. எந்த வவுச்சர் வகையில் எத்தனை என்ட்ரி, எத்தனை லெட்ஜர் என்று எண்ணிக் காட்டும். மாறிய பிறகு சரிபார்க்க இதைவிடக் கைக்கு அடக்கமான ரிப்போர்ட் கிடையாது. ஆனால் இதைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம்.

லைசென்ஸ் பக்கம் ஒரு வார்த்தை. டேலியின் மென்பொருள் சேவைச் சந்தாவான டிஎஸ்எஸ் நடப்பில் இருந்தால் பிரைமுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். பிரைம் 64-பிட் விண்டோஸில் ஓடக்கூடியது. பழைய 32-பிட் கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் இருந்தால் அதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் செய்து திறந்ததும், இருக்கும் லைசென்ஸை ரீஆக்டிவேட் செய்யச் சொல்லும் வழியைத் தேர்ந்தெடுங்கள். டேலி நெட் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்கும், அன்லாக் கீ அந்த மெயிலுக்குத்தான் வரும். எப்போதோ விலகிப்போன ஊழியரின் மெயிலில் அந்த ஐடி இருப்பது அடிக்கடி நடக்கும் கூத்து. ஒரு வாரம் முன்பே பார்த்துக்கொண்டால் அன்றைக்குத் தவிக்க வேண்டாம்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் இன்னொன்று உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தங்களின் தடம் பதிவாக வேண்டும், அதை அணைத்து வைக்கவும் கூடாது என்பது சட்டம். அதற்காகவே எடிட் லாக் என்ற தனிப் பதிப்பு இருக்கிறது. எதை இன்ஸ்டால் செய்வது என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

டேட்டாவை ஏற்றுவது

நேரடியாக அசல் டேட்டாவில் கை வைக்காதீர்கள். நகல் எடுத்த ஃபோல்டரை வேறொரு இடத்தில் வைத்து, பிரைமில் கம்பெனி தேர்வு செய்யும் திரையில் அந்தப் பாதையைக் கொடுத்துத் திறங்கள்.

2023-ல் வந்த 3.0 ரிலீஸுக்குப் பிறகானவற்றில் டேட்டாவை மைக்ரேட் செய்ய, அதாவது புது வடிவத்துக்கு மாற்ற, சொல்லும். ஜிஎஸ்டி விவரங்களைச் சேமிக்கும் விதம் அந்த ரிலீஸில் மாறியதுதான் காரணம். ஒருமுறை மைக்ரேட் ஆன டேட்டாவைப் பழைய ரிலீஸில் திறக்க முடியாது; திரும்பி வர ஒரே வழி பேக்கப். இதனால் மல்டி யூசர் ஆபீஸில் ஒரு விதி: ஒரே டேட்டாவைத் தொடும் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நாளில், ஒரே ரிலீஸுக்கு மாற வேண்டும். பில்லிங் கவுன்டரில் ஒருவர் ஆர்வத்தில் புதியதைத் திறந்து மைக்ரேட் கொடுத்தால் உள்ளே இருக்கும் மற்ற நான்கு பேரும் வேலையில்லாமல் உட்கார வேண்டியதுதான்.

திறந்ததும் அந்த மூன்று பிரின்டையும் எடுத்து ஒப்பிடுங்கள். ட்ரையல் பேலன்ஸ் ஒத்துப்போகவில்லை என்றால் பதறாமல் முதலில் பீரியட் பாருங்கள், ஆல்ட்+எஃப்2. பெரும்பாலும் தேதி வரம்புதான் வேறாக இருக்கும். அடுத்து பாதை: அதே பெயரில் போன வருட நகல் ஒன்று கம்ப்யூட்டரில் கிடந்து, அதைத் திறந்திருக்கலாம். ஸ்டாடிஸ்டிக்ஸில் வவுச்சர் எண்ணிக்கை குறைந்தால் இது நிச்சயம். இரண்டும் சரியாக இருந்தும் உதைத்தால் ஆல்ட்+ஒய் தட்டி டேட்டா மெனுவில் ரிப்பேர் ஓட்டிப் பாருங்கள். ஈஆர்பி 9-ல் கன்ட்ரோல்+ஆல்ட்+ஆர் செய்த வேலை இது. நகலில் எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் அசலுக்கு வர வேண்டும்.

பழகுவதற்கு இந்த நகலையே வைத்துக்கொள்ளலாம். லைசென்ஸ் இல்லாமல் எஜுகேஷனல் மோடிலும் பிரைம் ஓடும். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் என்ட்ரி போட விடும். கை பழக அது போதும்.

முதல் திரை

கேட்வே ஆஃப் டேலியில் அக்கவுன்ட்ஸ் இன்ஃபோ, இன்வென்டரி இன்ஃபோ இரண்டும் காணோம் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அவை சேர்ந்து கிரியேட், ஆல்டர், சார்ட் ஆஃப் அக்கவுன்ட்ஸ் என்று மூன்றாகிவிட்டன. லெட்ஜர் வேண்டுமா, ஸ்டாக் ஐட்டம் வேண்டுமா, கிரியேட் தட்டினால் எல்லாம் ஒரே பட்டியலில் வரும். ஒரே நேரத்தில் இருபது லெட்ஜர் போடுபவர்கள் தேடும் மல்டிபிள் லெட்ஜர், சார்ட் ஆஃப் அக்கவுன்ட்ஸுக்குள் லெட்ஜரைத் திறந்து ஆல்ட்+எச் தட்டினால் வரும். வவுச்சர்ஸும் டே புக்கும் முதல் திரையிலேயே இருக்கின்றன. ட்ரையல் பேலன்ஸ், ஸ்டேட்மென்ட்ஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ் எல்லாம் டிஸ்ப்ளே மோர் ரிப்போர்ட்ஸில்.

உண்மையில் இந்த மெனுவை மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஆல்ட்+ஜி என்ற ஒரு கீயைப் பழகிக்கொள்ளுங்கள். மேலே ஒரு தேடல் பெட்டி திறக்கும். வேண்டியதன் பெயரில் நான்கு எழுத்து தட்டினால் வந்து நிற்கும். பாதி பில் போட்டுக்கொண்டிருக்கும்போது முதலாளி "அந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கி?" என்று கேட்டால், முன்பு பில்லை முடித்தாக வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது டேலி திறக்க வேண்டும். இப்போது பில்லை அப்படியே விட்டு ஆல்ட்+ஜி, லெட்ஜர் வவுச்சர்ஸ், பார்ட்டி பெயர். பார்த்துவிட்டு எஸ்கேப் தட்டிக்கொண்டே வந்தால் பாதி பில் அதே இடத்தில் காத்திருக்கும். பிரைமுக்கு மாறியதில் நிஜமான லாபம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். கன்ட்ரோல்+ஜி என்று இன்னொன்றும் உண்டு, வேறு வேலைக்கே மாறிப் போவதற்கு. ஆரம்பத்தில் அது இல்லாமலே ஓட்டலாம்.

தமிழில் திரை வைத்து வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈஆர்பி 9-ல் ஆல்ட்+ஜி மொழி மாற்றும் கீ. பிரைமில் திரை மொழிக்குக் கன்ட்ரோல்+கே.

மேல் வரிசையிலும் வலப்பக்கத்திலும் உள்ள பட்டன்களில் எழுத்துக்கு அடியில் ஒரு கோடு இருந்தால் ஆல்ட், இரண்டு கோடு இருந்தால் கன்ட்ரோல். கீ மறந்துபோனால் இந்தக் கோடுகளே சொல்லிவிடும்.

எஃப்11, எஃப்12: ஒளிந்திருக்கும் வசதிகள்

"பில்வைஸ் காணோம், காஸ்ட் சென்டர் காணோம், டேட்டாவே போச்சு" என்று வரும் புலம்பலில் பெரும்பாலானவை இந்த இடத்தைச் சேர்ந்தவை. எஃப்11-ல் அக்கவுன்டிங், இன்வென்டரி, ஸ்டாச்சுட்டரி என்று மூன்று திரையாக இருந்தது இப்போது ஒரே திரை. அதிகம் பயன்படாதவற்றை மறைத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் திரையில் ஷோ மோர் ஃபீச்சர்ஸ் என்பதற்கு எஸ் கொடுத்தால் கூடுதல் வசதிகள் தெரியும். ஷோ ஆல் ஃபீச்சர்ஸுக்கும் எஸ் கொடுத்தால் மொத்தமும் வரும்.

எஃப்12-ம் இதே கதைதான். முன்பு கேட்வேயில் எஃப்12 தட்டி ஒரே இடத்தில் எல்லா கான்ஃபிகரேஷனையும் வைத்தோம். இப்போது எந்தத் திரையில் நிற்கிறீர்களோ அந்தத் திரைக்கு மட்டும் எஃப்12. சேல்ஸ் வவுச்சரின் எஃப்12 வேறு, லெட்ஜர் கிரியேஷனின் எஃப்12 வேறு. பை/டு வேண்டுமா டெபிட்/கிரெடிட் வேண்டுமா என்பதும் வவுச்சருக்குள் எஃப்12-ல்தான். ஒன்றை நினைவில் வையுங்கள்: எஃப்11-ல் வைப்பது கம்பெனிக்கு. டேட்டாவோடு சேர்ந்து எல்லாக் கம்ப்யூட்டருக்கும் வரும். எஃப்12-ல் வைப்பது அந்தக் கம்ப்யூட்டருக்கு. அதனால் ஒரு சீட்டில் சரியாக வரும் பில் பக்கத்துச் சீட்டில் வேறு மாதிரி வரும். ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து வைக்க வேண்டும், வேறு வழியில்லை.

வேறு வேலை செய்யும் கீகள்

எஃப்4 முதல் எஃப்9 வரை கான்ட்ரா, பேமென்ட், ரிசீட், ஜர்னல், சேல்ஸ், பர்ச்சேஸ் அப்படியே. கன்ட்ரோல்+ஏ, ஆல்ட்+சி, ஆல்ட்+டி, ஆல்ட்+எக்ஸ், ஆல்ட்+2 எதுவும் மாறவில்லை. மாறியவற்றை ஒரு காகிதத்தில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள்:

கிரெடிட் நோட்: முன்பு கன்ட்ரோல்+எஃப்8, இப்போது ஆல்ட்+எஃப்6
டெபிட் நோட்: முன்பு கன்ட்ரோல்+எஃப்9, இப்போது ஆல்ட்+எஃப்5
சேல்ஸ் ஆர்டர்: முன்பு ஆல்ட்+எஃப்5, இப்போது கன்ட்ரோல்+எஃப்8
பர்ச்சேஸ் ஆர்டர்: முன்பு ஆல்ட்+எஃப்4, இப்போது கன்ட்ரோல்+எஃப்9
ரிஜெக்‌ஷன் அவுட்: முன்பு ஆல்ட்+எஃப்6, இப்போது கன்ட்ரோல்+எஃப்5
ஃபிசிக்கல் ஸ்டாக்: முன்பு ஆல்ட்+எஃப்10, இப்போது கன்ட்ரோல்+எஃப்7
கம்பெனி மூட: முன்பு ஆல்ட்+எஃப்1, இப்போது கன்ட்ரோல்+எஃப்3
ரிப்போர்ட்டை விரித்துப் பார்க்க: முன்பு ஆல்ட்+எஃப்1, இப்போது ஆல்ட்+எஃப்5
ஐட்டம் இன்வாய்ஸ், அக்கவுன்டிங் இன்வாய்ஸ், வவுச்சர் என்று மாற்ற: இப்போது எல்லாவற்றுக்கும் கன்ட்ரோல்+எச்

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். கிரெடிட் நோட்டின் பழைய கீயில் சேல்ஸ் ஆர்டர் உட்கார்ந்திருக்கிறது. சேல்ஸ் ஆர்டரின் பழைய கீயில் டெபிட் நோட்.

ஒரு ஜவுளி மொத்தக் கடையை எடுத்துக்கொள்வோம். பார்ட்டி 12 பெட்ஷீட் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதற்குக் கிரெடிட் நோட் போட, பழக்கத்தில் கன்ட்ரோல்+எஃப்8. திறப்பது சேல்ஸ் ஆர்டர். பார்ட்டி பெயர், ஐட்டம், அளவு, விலை, வரி என்று திரை கிட்டத்தட்ட கிரெடிட் நோட் போலவே இருக்கும். போட்டு சேவ் செய்தால் எந்தத் தவறும் காட்டாது. ஆனால் ஆர்டர் என்பது கணக்கைத் தொடாத வவுச்சர். பார்ட்டி பாக்கி குறையாது, 12 பெட்ஷீட் ஸ்டாக்கில் ஏறாது, ஜிஎஸ்டிஆர்-1-ல் அந்தக் கிரெடிட் நோட் இருக்காது. பாக்கி ஏன் குறையவில்லை என்று பார்ட்டி அடுத்த முறை சண்டை பிடிக்கும்போதுதான் வெளியே வரும்.

இதைவிட மோசம் எதிர்ப்பக்கம். ஆர்டர் எடுப்பவர் பழக்கத்தில் ஆல்ட்+எஃப்5 தட்டினால் டெபிட் நோட் திறக்கிறது. அது கணக்கைத் தொடும். அனுப்பாத சரக்குக்குப் பார்ட்டி டெபிட் ஆகி, ஸ்டாக்கும் கழிந்துபோகும். பர்ச்சேஸ் ஆர்டர் போடுபவர் ஆல்ட்+எஃப்4 தட்டினால் டேலியையே மூடும் வேலை நடக்கும். அது ஒரு வகையில் நல்லது, உடனே தெரிந்துவிடுகிறது.

தப்பைப் பிடிக்க இரண்டு அடையாளம். ஐட்டம் தட்டியதும் டியூ ஆன் என்று தேதி கேட்டால் நீங்கள் ஆர்டரில் இருக்கிறீர்கள். கிரெடிட் நோட் என்றால் எந்த பில்லுக்கு எதிராக என்று பழைய பில் எண்ணும் தேதியும் கேட்கும். பார்ட்டி பெயர் தட்டும் முன் திரையின் இடது மேல் மூலையில் வவுச்சர் பெயரை வாசிக்கும் பழக்கத்தை முதல் ஒரு மாதம் கட்டாயமாக்குங்கள். முன்பு பயன்படுத்தாத வவுச்சர் வகை என்றால் அதைச் செயல்படுத்தலாமா என்று டேலி கேட்கும். அந்தக் கேள்வி வந்தால் கீ தவறு என்று எடுத்துக்கொண்டு நோ கொடுங்கள்.

போட்டுவிட்டிருந்தால்: டே புக் திறந்து, எஃப்4 தட்டி சேல்ஸ் ஆர்டரை மட்டும் வடிகட்டி, தவறானதை ஆல்ட்+டி கொடுத்து நீக்கிவிட்டு, ஆல்ட்+எஃப்6-ல் புதிதாகப் போடுங்கள். மாறிய முதல் மாதம் ஜிஎஸ்டிஆர்-1-க்கு முன்னால் ஆர்டர்களையும் டெபிட் நோட்டுகளையும் இப்படி ஒருமுறை வடிகட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

கன்ட்ரோல்+வி பற்றியும் சொல்லியாக வேண்டும். ஈஆர்பி 9-ல் அது இன்வாய்ஸை வவுச்சராக மாற்றியது. பிரைமில் உலகம் முழுக்க இருப்பதுபோல் அது பேஸ்ட். வாட்ஸ்அப்பில் காப்பி செய்த ஏதோ ஒன்று நரேஷனில் வந்து விழுந்து, அது பில்லிலும் பிரின்ட் ஆகிப் போகும்.

பில் எண்

ஈஆர்பி 9-ல் நடுவில் ஒரு பில்லை நீக்கினாலோ செருகினாலோ பின்னால் வந்த எண்கள் தாமாக நகர்ந்துவிடும். பார்ட்டியிடம் போன காகிதத்தில் ஓர் எண், கம்ப்யூட்டரில் வேறு எண். 3.0-க்குப் பிறகு இதற்கு மருந்து வந்துவிட்டது. சேல்ஸ் வவுச்சர் டைப்பை ஆல்டர் செய்து, நீக்கும்போதும் செருகும்போதும் எண்கள் என்ன ஆக வேண்டும் என்ற இடத்தில் ரீடெய்ன் ஒரிஜினல் வவுச்சர் நம்பர் என்று வையுங்கள். மாறிய அன்றைக்கே செய்ய வேண்டியது இது. கிரெடிட் நோட், டெபிட் நோட் டைப்புகளிலும் பார்த்துவிடுங்கள்.

பிரின்ட், எக்ஸ்போர்ட்

ஆல்ட்+பி தட்டினால் மெனு வரும். நேராகத் திறந்திருக்கும் பில்லை மட்டும் எடுக்கக் கன்ட்ரோல்+பி. பிரின்ட் திரையில் சி தட்டினால் கான்ஃபிகர், ஐ தட்டினால் ப்ரிவியூ. பில்லின் தலைப்பு, எத்தனை நகல் என்பவை எல்லாம் அந்த சி-க்குள். எக்ஸ்போர்ட்டுக்கு ஆல்ட்+இ அல்லது கன்ட்ரோல்+இ. எக்செல் வேண்டுமா பிடிஎஃப் வேண்டுமா என்பதும், ஃபைல் எந்த ஃபோல்டரில் விழும் என்பதும் அனுப்பும் முன் அந்தத் திரையிலேயே எழுதியிருக்கும். அதை வாசிக்காமல் என்டர் தட்டிவிட்டு ஃபைலைத் தேடுவது வழக்கமாகிவிட்டது.

பில் ஃபார்மட்டை டிடிஎல் (டேலிக்கான நிரல் மொழி) எழுதி மாற்றி வைத்திருப்பவர்கள் கவனம். ஈஆர்பி 9-க்கு எழுதியது பிரைமில் அப்படியே ஓடும் என்ற உறுதி இல்லை. எஃப்1 தட்டி, டிடிஎல்ஸ் அண்ட் ஆட்-ஆன்ஸ் திறந்து, எஃப்4-ல் பழைய ஃபைலைச் சேர்த்து, நகல் டேட்டாவில் ஒரு பில் பிரின்ட் எடுத்துப் பாருங்கள். கோணலாக வந்தால் எழுதிக் கொடுத்தவரிடம் பிரைமுக்கான ஃபைல் வாங்கிய பிறகுதான் அசலை மாற்ற வேண்டும். இது ஒன்றுக்காகவே மாறும் நாளை ஒரு வாரம் தள்ளிப்போட்டாலும் தப்பில்லை.

ஜிஎஸ்டி ரிப்போர்ட்

ஜிஎஸ்டிஆர்-1 திறந்தால் அன்சர்ட்டன் ட்ரான்ஸாக்‌ஷன்ஸ் என்ற வரியில் ஒரு எண்ணிக்கை நிற்கும். ஈஆர்பி 9-ல் இன்கம்ப்ளீட், மிஸ்மேட்ச் என்று இருந்ததன் புதுப் பெயர். மைக்ரேட் செய்த பிறகு இந்த எண் கூடித் தெரிந்தால் டேட்டா கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் எச்எஸ்என் (சரக்கின் வகைக் குறியீடு) இல்லாத ஐட்டம், மாநிலம் குறிக்காத பார்ட்டி என்று வகை பிரித்து வைத்திருக்கும். வவுச்சர் வவுச்சராகத் திருத்தாமல், ஐட்டம் அல்லது லெட்ஜர் மாஸ்டரில் முதலில் திருத்துங்கள். ஒரு மாஸ்டர் சரியானால் அதோடு தொடர்புடைய பல வவுச்சர்கள் சேர்ந்தே தீரும். ஏற்கெனவே தாக்கல் செய்து முடித்த மாதங்களில் கை வைக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை.

பழைய டேலியை என்ன செய்வது

ஈஆர்பி 9-ஐ உடனே அழிக்க வேண்டாம். ஆனால் டெஸ்க்டாப்பில் அதன் ஐகானும் இருக்கக் கூடாது. காலையில் அவசரத்தில் ஒருவர் பழையதைத் திறந்து பழைய டேட்டாவில் பத்து பில் போட, மற்றவர்கள் பிரைமில் போட்டுக்கொண்டிருக்க, இரண்டு வரிசையில் ஒரே பில் எண்கள் ஓடியிருக்கும். அதைச் சேர்த்துச் சரிசெய்ய ஒரு நாள் முழுக்கப் போய்விடும். எல்லாக் கம்ப்யூட்டரிலும் பழைய ஐகானை நீக்கி, பழைய டேட்டா ஃபோல்டரின் பெயரையும் மாற்றி வையுங்கள். அப்போது யாராவது தேடிப் பிடித்துத் திறந்தாலும் கம்பெனி பட்டியல் காலியாகத்தான் இருக்கும்.